பட்டறை யாருக்குச் சொந்தம்?

கட்டற்ற மென்பொருளும் கூட்டுழைப்புத் தளங்களும்

(சித்தூர் மாவட்டம் புத்தலப்பட்டில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களும் மாணவர்களும் பங்கேற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

2025ஆம் ஆண்டின் தோத்தாபுரிப் பருவத்தை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. விளைச்சல் இருந்தது, பழம் இருந்தது, மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. விலை மட்டும் இல்லை. ஆலை 8 ரூபாய், மாநில அரசு 4 ரூபாய், ஆகக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயைக்கூட ஆலைகள் தரவில்லை என்பதுதான் உழவர்களின் புகார். பங்காருபாளையம் சந்தை அந்த நாட்களில் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

தோப்பு உழவருடையது. மரமும் அவருடையது, பழமும் அவருடையது என்பதில் சட்டத்துக்கும் ஐயமில்லை. ஆனால் பழம் கூழாகாவிட்டால் மூன்று நாளில் அழுகும். கூழாக்கும் ஆலை யாருடையதோ, விலையைச் சொல்லும் உரிமையும் அவருடையதாகி விடுகிறது.

மென்பொருள் பற்றிய வகுப்பில் மாம்பழத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வட்டாரத்தின் மாந்தோப்புகளிலிருந்தும் கரும்புக் காடுகளிலிருந்தும் பொறியியல் கல்லூரிகளுக்குச் சென்று, பெங்களூருவிலும் சென்னையிலும் ஐதராபாத்திலும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். அவர்களது உழைப்பும் இன்று இதே கேள்வியின் முன் நிற்கிறது. விளைபொருள் பொதுச்சொத்து என்று எழுதி வைத்திருக்கிறார்கள்; அதை உருவாக்கும் இடமோ ஒரே ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இன்றைய வகுப்பின் பொருள் இதுதான்.

கட்டற்ற மென்பொருள் என்பது என்ன?

ஒரு மென்பொருளை மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய வடிவில் எழுதுவதே மூலநிரல். அதைப் பூட்டி வைத்து, இயங்கும் வடிவத்தை மட்டும் விற்பது தனியுடைமை முறை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் தொடங்கிய குனு திட்டம் இதற்கு எதிராக எழுந்தது. எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்பது அதன் கொள்கை. 1989இல் வெளியான குனு பொது உரிமம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. இந்த நிரலை எடுத்து மாற்றிப் பிறருக்குத் தருவோர், மாற்றிய நிரலையும் அதே உரிமைகளோடு தர வேண்டும் என்றது. தனியுடைமையைக் காக்க இயற்றப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பொதுவுடைமைக்கு வேலியிட்ட முறை அது.

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இதே உரிமத்தின் கீழ் வளர்ந்தது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் உட்கரு லினக்ஸ்தான். உலகின் பெரும்பாலான இணையச் சேவையகங்களும் அதில்தான் இயங்குகின்றன. எந்த ஒரு முதலாளியின் திட்டத்தின்படியும் அது பிறக்கவில்லை. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் கூடி உழைத்ததன் விளைவு அது.

அப்படிக் கூடி உழைக்க ஓர் இடம் வேண்டும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றோடு சேமிக்கும் களஞ்சியம், குறைகளை முறையிடும் பலகை, திருத்தம் எழுதியவர் அதைச் சமர்ப்பிக்கவும் பொறுப்பாளர் அதை ஆராய்ந்து ஏற்கவும் ஒரு நடைமுறை, விவாதிக்க ஒரு மேடை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்த இணையத் தளங்களைக் கொல்லன் பட்டறை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அத்துறையினர் அழைக்கின்றனர். பொருத்தமான பெயர். அந்தப் பட்டறைகளின் வரலாறுதான் நமக்குப் பாடம்.

பட்டறைகளின் வரலாறு

1999 நவம்பரில் வி.ஏ. லினக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தைத் தொடங்கியது. கட்டணமில்லை, எவரும் தம் திட்டத்தைக் கொண்டுவரலாம். உலகெங்குமிருந்து பல்லாயிரம் திட்டங்கள் அங்கே குடியேறின. அந்தத் தளத்தை இயக்கிய மென்பொருளும் தொடக்கத்தில் கட்டற்றதாகவே இருந்தது. பங்குச் சந்தைக் குமிழி உடைந்து நிறுவனம் தடுமாறியபோது, 2001இல், அந்த மென்பொருளைத் தனியுடைமையாக்கினார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதன் பழைய கட்டற்ற வடிவத்தைக் கொண்டு சவன்னா என்ற பட்டறையை அமைத்து நடத்தியது. பெரும்பாலோர் பழைய இடத்திலேயே இருந்தார்கள்.

பிறகு தளத்தின் உடைமை கைமாறியது. 2015இல், கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துச் சோர்ஸ்ஃபோர்ஜ் வழங்கியது அம்பலமானது. கிம்ப் திட்டத்தினர் அத்தளத்தை விட்டு வெளியேறி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. அவர்களது கணக்கையே தளம் தன் வசமாக்கிக் கொண்டிருந்தது. கண்டனம் எழுந்த பின்பும், 2016இல் தளம் வேறு கைக்கு மாறிய பின்புமே அந்தப் பழக்கம் ஒழிந்தது. 2006இல் கூகுள் திறந்த பட்டறை 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அங்கிருந்த திட்டங்கள் மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தன.

அவை போய்ச் சேர்ந்த இடம், 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப். நல்ல வடிவமைப்பும் எளிய நடைமுறையும் கொண்ட தளம் அது. 2018இல் மைக்ரோசாஃப்ட் அதனை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அதே மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர்தான் 2001இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர். பொதுவுடைமையை நோய் என்று பார்த்த மூலதனம், பதினேழு ஆண்டுகளில் அது விளையும் இடத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. மனமாற்றம் என்று இதைக் கொண்டாடியவர்கள் உண்டு. மாறியது கணக்கு.

2023 ஜனவரியில் 10 கோடி நிரலாளர்கள் தம்மிடம் இருப்பதாகக் கிட்ஹப் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவிலிருந்து 1 கோடியே 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர், அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கே என்றது. அந்தக் கணக்கில் சித்தூர், திருப்பதிக் கல்லூரிகளின் மாணவர்களும் அடங்குவர்.

கூட்டுழைப்பின் பலன் யாருக்கு?

மூலதனம் நூலின் முதல் தொகுதியில் கூட்டுழைப்பைப் பற்றி ஓர் இயலே உண்டு. நூறு பேர் தனித்தனியே செய்யும் வேலையைவிட, நூறு பேர் கூடிச் செய்யும் வேலையின் ஆற்றல் பெரிது. முதலாளி ஒவ்வொருவரின் உழைப்புச் சக்திக்கும் தனித்தனியே கூலி தருகிறார். கூடியதனால் பிறந்த கூடுதல் ஆற்றலுக்கு எதுவும் தருவதில்லை. அது மூலதனத்துக்குக் கிடைத்த இலவசக் கொடை போல ஆகிவிடுகிறது என்பது மார்க்சின் விளக்கம். இந்தப் பட்டறைகளில் அந்தத் தனித்தனிக் கூலிகூடப் பலருக்குக் கிடையாது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வங்கிப் பரிவர்த்தனை உட்பட இணையத்தின் பெரும்பகுதித் தகவலை மறைகுறியாக்கிக் காப்பது அது. 2014 ஏப்ரலில் அதில் பெரும் ஓட்டை கண்டறியப்பட்டபோதுதான் உலகம் அதன் நிலையைத் திரும்பிப் பார்த்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒருவர்; ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். கோடிக்கணக்கில் இலாபம் ஈட்டிய நிறுவனங்கள் பலவும் அந்த நிரலை விலையின்றிப் பயன்படுத்தி வந்தன.

2021இல் அடுத்த கட்டம் வந்தது. கிட்ஹப்பில் பொதுவில் இருந்த நிரல்களைப் பயிற்சித் தரவாகக் கொண்டு, தானே நிரல் எழுதித் தரும் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி அறிமுகமானது. 2022 ஜூனில் மாதம் 10 டாலர் கட்டணத்தில் சந்தைக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் பொதுவுக்கென எழுதியது, அவர்களுக்கே சந்தாவுக்கு விற்கப்படும் சரக்காகத் திரும்பியது. உரிமத்தின் நிபந்தனைகள் மீறப்பட்டன என்று 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் நிரலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். பெரும்பாலான கோரிக்கைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. மென்பொருள் சுதந்திரக் காப்பகம் என்ற அமெரிக்க அமைப்பு அதே ஆண்டில் கிட்ஹப்பைக் கைவிடுமாறு அறைகூவல் விடுத்தது. 2025 ஆகஸ்டில் கிட்ஹப்பின் தலைமை அதிகாரி விலகுவதாக அறிவித்தார். தளம் மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவோடு இணைக்கப்பட்டது. தனித்து இயங்கும் என்ற 2018ஆம் ஆண்டு வாக்குறுதியின் ஆயுள் ஏழு ஆண்டுகள்.

இங்கே ஒரு தெளிவு தேவை. உரிமம் பொய்யாகிவிடவில்லை. லினக்ஸ் இன்றும் பொதுச்சொத்துதான். ஆனால் விளைபொருளின் மீதான உரிமையை மட்டும் உரிமம் காக்கிறது. உழைப்பு நடக்கும் இடத்தையும், உழைப்பவர்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவையும் அது காப்பதில்லை. உற்பத்திச் சாதனத்தின் உடைமை பற்றிய கேள்வியை உரிமத்தாள் ஒன்றால் கடந்துவிட முடியாது.

வாயிற்காவலன்

உடைமையாளருக்கு இலாபம் மட்டுமன்று, வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரமும் உண்டு. 2019 ஜூலையில், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரான், சிரியா, கிரிமியா ஆகிய இடங்களில் இருந்த நிரலாளர்களின் கணக்குகளைக் கிட்ஹப் முடக்கியது. அவர்கள் எந்தப் போரிலும் ஈடுபட்டவர்கள் அல்லர். தாம் எழுதிய தனிப்பட்ட களஞ்சியங்களைத் திறக்க முடியாமல் நின்றவர்கள். ஈரானியர்களுக்கான தடை 2021 ஜனவரியில் விலகியது. அதற்கும் அமெரிக்க அரசின் அனுமதி வேண்டியிருந்தது. பொருளாதாரத் தடை என்னும் ஏகாதிபத்திய ஆயுதம் மாணவரின் நிரல் வரை நீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2019 அக்டோபரில், அமெரிக்கக் குடிவரவுத் துறையின் அமலாக்கப் பிரிவோடு கிட்ஹப் செய்திருந்த ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு அதன் ஊழியர்களே கையெழுத்திட்டுக் கோரினர். நிர்வாகம் மறுத்தது, சிலர் வேலையை உதறினர். அந்த ஊழியர்களை இங்கே நினைவுகூர்வது நம் கடமை.

நம் நாட்டிலும் வாயில் அடைபட்டதுண்டு. 2014 டிசம்பரில், மோடி ஆட்சியின் முதல் ஆண்டிலேயே, பயங்கரவாதத் தடுப்பைக் காரணம் காட்டித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 32 இணையத் தளங்களை அரசு முடக்கியது. கிட்ஹப்பும் சோர்ஸ்ஃபோர்ஜும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் பல தளங்கள் விடுவிக்கப்பட்டன. ஆக, பன்னாட்டு நிறுவனத்துக்கு மாற்று அரசு என்று யோசிக்காமல் சொல்லிவிட முடியாது. எந்த அரசு, யாருடைய கட்டுப்பாட்டில் என்ற கேள்வி உடனே எழுகிறது.

ஆளில்லாத அரசுப் பட்டறை

2015இல் இந்திய அரசு, அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. அரசு மென்பொருள்களின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்க்கும் கொள்கையும் அதே ஆண்டில் வந்தது. அதற்கென 2017இல் ஓப்பன்ஃபோர்ஜ் என்ற அரசுப் பட்டறையும் திறக்கப்பட்டது. தாளில் நல்ல ஏற்பாடு.

2020இல் பெருந்தொற்று வந்தது. ஆரோக்கிய சேது செயலியைக் கோடிக்கணக்கானோர் கைபேசியில் நிறுவ வேண்டியதாயிற்று. மூலநிரலைத் திறக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, மே 26 அன்று அரசு அதை வெளியிட்டது. வெளியிட்ட இடம் கிட்ஹப். சொந்தப் பட்டறை இருக்க, அமெரிக்க நிறுவனத்தின் திண்ணையில் கடை விரித்தார்கள். அதுவும் கைபேசிப் பகுதி மட்டும். மக்களின் தரவைப் பெற்றுக்கொள்ளும் சேவையகத்தின் நிரலுக்கு மேலும் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. தற்சார்பு இந்தியா என்ற முழக்கம் பிறந்ததும் அதே மே மாதத்தில்தான்.

கட்டடம் கட்டினால் பட்டறை ஆகிவிடாது. உலை மூட்ட ஆள் வேண்டும், ஊதியம் வேண்டும், உள்ளே வருவோருக்கு மதிப்பு வேண்டும். இந்த வட்டாரத்தாருக்கு இது புதிதன்று. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் மூடப்பட்ட கதையை மூத்த தோழர்கள் அறிவார்கள். பால் கறக்கும் குடும்பங்கள் இருந்தன. பண்ணை மட்டும் சாக விடப்பட்டது. மறுநாளும் பால் கறந்தது. ஊற்றும் இடம் தனியாருடையதாயிற்று. பொது நிறுவனம் பெயரளவில் பொதுவாக இருந்தால் போதாது. அதில் உழைப்போரும் அதனால் பயன்பெறுவோரும் அதன் நிர்வாகத்தில் குரல் பெற்றிருக்க வேண்டும்.

வேறு வழி உண்டு

கேரளத்தைப் பாருங்கள். 2001இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அம்மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி படிப்படியாக முற்றிலும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர் சங்கங்களும் அறிவியல் இயக்கங்களும் அரசுக்குத் துணை நின்றதனால்தான் அந்த மாற்றம் நிலைத்தது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் கணக்கிட்டார்கள். மலையாளத்தைக் கணினியில் செழிக்கச் செய்த சுதந்திர மலையாளக் கணினி இயக்கம், வணிக நிறுவனம் எதையும் சாராத சவன்னா பட்டறையில் தன் பணிகளை வளர்த்த அமைப்பு.

இன்னும் அருகில், பிரிக்கப்படாத ஆந்திரத்தில் தோன்றிய ஸ்வேச்சா இயக்கம் இருக்கிறது. தெலுங்கில் இயங்கும் லினக்ஸ் அமைப்பை உருவாக்கியது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் கூடித் தெலுங்குக் கதைகளைத் திரட்டி மொழித் தரவாக்கும் பணியை நடத்தியது. கிட்லாப் மென்பொருளைத் தன் சொந்தச் சேவையகத்தில் நிறுவித் தனக்கெனப் பட்டறையும் நடத்துகிறது. ஐரோப்பாவில் பெர்லினை மையமாகக் கொண்ட கோட்பெர்க் என்ற பட்டறையைப் பதிவுபெற்ற சங்கம் ஒன்று நடத்துகிறது. உறுப்பினர்கள் சந்தா தருகிறார்கள், வாக்களிக்கிறார்கள். அதை இயக்கும் மென்பொருளின் பெயர் ஃபோர்ஜெயோ. எஸ்பெராண்டோ மொழியில் கொல்லன் பட்டறை என்பதே அதன் பொருள்.

இது நடக்கக் கூடியது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. கிட்ஹப்பின் அடித்தளமான கிட் என்ற கருவி மைக்ரோசாஃப்டுடையது அன்று. லினக்ஸ் திட்டம் ஒரு காலத்தில் பிட்கீப்பர் என்ற தனியுடைமைக் கருவியை இலவசமாகப் பயன்படுத்தி வந்தது. 2005இல் அந்நிறுவனம் சச்சரவு ஒன்றைக் காரணம் காட்டி இலவச அனுமதியை விலக்கிக் கொண்டது. கொடை என்று வந்தது ஒரே நாளில் பறிபோனது. டோர்வால்ட்ஸ் சில வாரங்களுக்குள் கிட் கருவியை எழுதினார். அதன் அமைப்பில் ஒவ்வொரு பிரதியும் முழு வரலாற்றையும் தாங்கிய முழுக் களஞ்சியம். ஆகவே நிரலை எந்தத் தளத்திலிருந்தும் ஒரு கட்டளையில் எடுத்துச் செல்லலாம். அங்கேயே தங்கிப்போவது எது? விவாதங்கள், முறையீடுகள், பங்களித்தவரின் பெயரும் மதிப்பும், பிறரோடான தொடர்பு. தளத்தின் பூட்டு அந்தச் சமூக உறவின் மீதுதான் தொங்குகிறது.

செய்ய வேண்டியவை

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம் கிட்ஹப் முகவரியைக் கேட்கும் நிறுவனங்கள் பல. அந்த மாணவரைப் பார்த்து, கணக்கை மூடு என்று சொல்வது புரட்சிகரமாகத் தோன்றலாம். உண்மையில் அது மூலதனத்தின் சுமையைத் தனிமனிதர் தலையில் ஏற்றுவதாகும். ஆலையைப் புறக்கணி என்று தோத்தாபுரி விளைவித்தவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. அவரது பழத்தை வாங்க வேறு ஆலை வேண்டும். ஆகவே கடமைகள் கூட்டானவை.

முதலாவதாக, மாணவர், இளைஞர் அமைப்புகளின் மென்பொருள் பணிகளும், தமிழ், தெலுங்கு மொழிக் கருவிகளும் சொந்தப் பட்டறையிலோ கூட்டுறவுப் பட்டறையிலோ தலைக் களஞ்சியத்தைக் கொண்டிருக்க வேண்டும். கிட்ஹப்பில் அதன் நகல் இருக்கட்டும். விவாதமும் முறையீடும் தலைக் களஞ்சியத்தில் நடக்க வேண்டும்.

இரண்டாவதாக, மக்கள் பணத்தில் எழுதப்படும் நிரல் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையை மாநில அளவில் எழுப்ப வேண்டும். ஓப்பன்ஃபோர்ஜ் போன்ற தளங்களுக்கு நிதி, பணியாளர், வெளிப்படையான நிர்வாகம் வேண்டும். நீதிமன்ற ஆணையின்றி எந்தத் தளத்தையும் முடக்கும் அதிகாரம் எதிர்க்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இந்தத் தளங்களில் கூலியின்றி உழைப்போரும், ஐ.டி. நிறுவனங்களில் கூலிக்கு உழைப்போரும் ஒரே வர்க்கத்தினர் என்பதைத் தொழிற்சங்கப் பணியின் பகுதியாக்க வேண்டும். கோபைலட் போன்ற கருவிகளைக் காட்டி ஆட்குறைப்புப் பேசும் நிர்வாகத்துக்கு, அந்தக் கருவி யாருடைய நிரலைப் படித்துக் கற்றது என்று கேட்கும் சங்கம் வேண்டும்.

தோழர்களே, தோப்பு உழவருக்கே சொந்தம் என்ற பட்டாவை வென்றெடுக்க நம் முன்னோர் நீண்ட காலம் போராடினார்கள். கட்டற்ற உரிமம் என்பது நிரலாளர் வென்ற பட்டா. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆலை வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடந்த நினைவு இந்த ஊருக்கு உண்டு. அதனால்தான், பட்டறையும் நமதாக வேண்டும் என்பதைப் புத்தலப்பட்டுக்கு விளக்கிச் சொல்ல அதிகம் தேவைப்படாது. இங்கிருந்து கல்லூரி விடுதிகளுக்கும் பெங்களூரு அறைகளுக்கும் திரும்பும் இளம் தோழர்கள் அங்கே அதைச் சொல்ல வேண்டும்.